வேலை நிறைந்த விடுமுறை நாள்களில் ஹார்ப்சிகார்ட் இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறோடு இன்னொரு நாளும் சேர்ந்து விடுமுறை வந்தாலும், மாத இறுதிக் கணக்கு, மருத்துவமனைப் பணிமுறை, எந்நேரமும் அழைப்பு வரலாம் என்று காத்திருக்கும் பொறுப்பு என ஏதேனும் ஒன்று பலரை மேசையோடு கட்டிப்போட்டுவிடுகிறது. அத்தகைய நாள்களில் ஹார்ப்சிகார்ட் இசையைக் கேட்கத் தொடங்கிய நண்பர்களும் உடன் பணிபுரிபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இக்கருவியை வாசிப்பவன் அல்லன், நெடுங்காலமாகக் கேட்பவன்.

ஹார்ப்சிகார்ட் என்பது பியானோவின் பழைய பெயர்தானே?

இல்லை. பார்வைக்கு இரண்டும் ஒரே குடும்பம் போலத் தோன்றினாலும் ஒலி பிறக்கும் முறையில் அவை வெவ்வேறானவை. பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் தந்தியை அடிக்கிறது. ஹார்ப்சிகார்டில் கட்டையின் மறுமுனையில் மெல்லிய மரச் சட்டம் ஒன்று நிற்கிறது. அதன் பெயர் ஜாக். அதில் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள் தந்தியை மீட்டிவிட்டு மேலே போகிறது. அந்த வகையில் இது வீணைக்கும் கிதாருக்கும்தான் நெருங்கிய உறவு.

அந்த முள்ளை அண்டங்காக்கை முதலிய பறவைகளின் இறகுத் தண்டிலிருந்து சீவி எடுப்பார்கள். இன்று பெரும்பாலும் டெல்ரின் என்னும் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் ஜாக் கீழே இறங்கும்போது முள் மறுபடியும் தந்தியை மீட்டிவிடக் கூடாது என்பதற்காக, முள் பதிந்துள்ள சிறு நாக்கு பின்னால் மடங்கி வழிவிடுகிறது. உடனே ஜாக்கின் தலையில் ஒட்டியிருக்கும் கம்பளித் துண்டு தந்தியைத் தொட்டு ஒலியை அடக்குகிறது. அருகிலிருந்து எடுத்த பதிவுகளில் இந்த இறங்கும் ஓசை மெல்லிய 'டக்' என்று கேட்கும்; அதைப் பதிவின் குறை என்று எண்ண வேண்டாம்.

காலத்தைப் பொறுத்தவரை, தேதி பொறிக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஹார்ப்சிகார்டுகளில் ஒன்று 1521-இல் செய்யப்பட்டது; அது லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்த்தலோமேயோ கிறிஸ்தோஃபோரி ஃபிளாரன்ஸ் நகரில் பியானோவை உருவாக்கியது ஏறத்தாழ 1700-இல்.

கட்டையை ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஒரே அளவு ஒலிதான் வருமாமே? அப்படியானால் சலிக்காதா?

ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும் என்பது உண்மை. முள் தந்தியை மீட்டுவதற்கு விரலின் வேகம் பெரிய வேறுபாடு செய்வதில்லை. ஆனால் பெரிய கருவிகளில் ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு அல்லது மூன்று தந்திகள் இருக்கும். அவற்றுள் ஒன்று ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். எந்தத் தந்திகள் ஒலிக்க வேண்டும் என்பதைப் பக்கத்திலுள்ள பிடிகளால் மாற்றலாம். மேலும் கீழுமாக இரண்டு கட்டை வரிசைகள் இருந்தால் ஒன்றில் உரத்தும் மற்றொன்றில் மெலிந்தும் வாசிக்கலாம். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1735-இல் வெளியிட்ட 'இத்தாலியக் கான்செர்ட்டோ' என்னும் படைப்பில் எந்த இடம் உரத்து, எந்த இடம் மெலிந்து என்று அச்சிலேயே குறித்திருப்பது இந்த இரட்டை வரிசையை நம்பித்தான்.

இவற்றைவிட முக்கியமானது காலம். நல்ல வாசிப்பாளர் ஒரு சுரத்தை அழுத்தமாகக் காட்ட விரும்பினால் அதற்கு முன்னுள்ள சுரத்தை ஒரு நூலிழை முன்னதாக விட்டுவிடுவார். அந்தச் சிறு மௌனத்துக்குப் பின் வருவது பெரிதாகக் கேட்கும். கூட்டுச் சுரங்களை ஒரே நேரத்தில் அழுத்தாமல் கீழிருந்து மேலாக விரித்து வாசிப்பதும் இதே நோக்கத்துக்குத்தான். இந்த நுட்பங்கள் செவிக்குப் பிடிபட்ட பிறகு சலிப்பு என்ற பேச்சுக்கே இடமிருக்காது. பிடிபடும் வரை சலிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று நாள் விடுமுறை, ஆனால் மடிக்கணினி மூடவே இல்லை. இந்த இசை வேலைக்கு இடைஞ்சலாக இருக்காதா?

எந்த வேலை, எந்த இசை என்பதைப் பொறுத்தது. இதில் பாட்டு வரிகள் இல்லை, திடீரென்று எழும் பேரொலி இல்லை, துடிப்பு பெரும்பாலும் சீராக ஓடுகிறது. ஆகையால் கோப்புகளைப் பிரித்து அடுக்குவது, பட்டியலைச் சரிபார்ப்பது, துணி மடிப்பது போன்ற கை வேலைகளுக்கு இது நன்றாக ஒத்துப்போகிறது. பாக்கின் ஃபிரெஞ்சு ஸ்வீட்டுகள் ஆறும் அடிப்படையில் நடனங்களின் தொகுப்புகள். அவற்றைப் போட்டுவிட்டால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஒரே சீரில் வேலை ஓடும்.

ஃபியூக் என்னும் வடிவம் வேறு. ஒரே கருப்பொருள் மூன்று நான்கு குரல்களில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து பின்னிக்கொள்வதால் மனம் தானாகவே அதன் பின்னால் போய்விடும். எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். மேலதிகாரிக்கு விளக்கக் கடிதம் எழுதும்போது எந்த இசையும் வேண்டாம் என்பதே என் கருத்து. வேலையும் சரியாக நடக்காது, இசையும் காதில் ஏறாது. அதை முடித்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கேட்பது எவ்வளவோ மேல்.

எதிலிருந்து தொடங்குவது? பெயர்களே மிரட்டுகின்றனவே.

ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபிரான்சுவா கூப்ரான் 1717-இல் வெளியிட்ட இரண்டாம் தொகுதியில் 'மர்மத் தடுப்புகள்' என்னும் சிறு உருப்படி ஒன்று உண்டு. கருவியின் தாழ்ந்த பகுதியிலேயே இரு கைகளும் உலவுகின்றன. ஒவ்வொரு சுரமும் அடுத்தது வந்த பிறகும் சற்று நேரம் தங்கி ஒலிப்பதால் தனித்த மெட்டு என்று எதையும் பிரித்தெடுக்க முடியாது. அடர்ந்த ஒலி ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். தலைப்பின் பொருள் என்ன என்று இன்றுவரை ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். ஹார்ப்சிகார்ட் என்றாலே கீச்சென்ற ஒலி என்று எண்ணியிருப்பவர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இதைத்தான்.

அடுத்ததாக இன்னொரு ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் 'கோழி'. 1720-களின் பிற்பகுதியில் வெளிவந்த இந்த உருப்படியின் தொடக்கச் சுரங்களுக்குக் கீழே 'கோ கோ கோ' என்று கோழியின் கொக்கரிப்பை எழுத்தாகவே அச்சிட்டிருக்கிறார். ஒரே சுரம் விடாமல் கொத்தும். கடைசி அசையில் சட்டென்று மேலே தாவும். முதலில் சிரிப்பு வரும். போகப்போக அந்தக் கொத்தல் இரு கைகளுக்கும் பரவி, அடர்ந்த சுரக் கூட்டங்களோடு மோதும்போது இது வேடிக்கை மட்டுமில்லை என்பது புரியும். மூன்றாவதாக, பாக்கின் ஐந்தாம் ஃபிரெஞ்சு ஸ்வீட்டைக் கேளுங்கள். முதல் நாளைக்கு இவை போதும்.

எனக்குக் கிடைப்பதே இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் பத்து நிமிடம். அதில் என்ன கேட்க முடியும்?

தொமேனிகோ ஸ்கார்லத்தி உங்களுக்காகவே எழுதியவர் போல இருக்கிறார். பாக், ஹாண்டல் பிறந்த அதே 1685-இல் நேப்பிள்ஸ் நகரில் பிறந்து, போர்த்துகல் இளவரசி மரியா பார்பராவுக்கு ஆசிரியராகி, அவர் திருமணமாகிச் சென்றபோது உடன் ஸ்பெயினுக்குப் போய் அங்கேயே வாழ்ந்து முடிந்தவர். அவர் எழுதியவையாகப் பட்டியலிடப்பட்டுள்ள சொனாட்டாக்கள், அதாவது தனி விசைக்கருவிக்கான சிறு உருப்படிகள், 555. பெரும்பாலானவை மூன்று முதல் ஆறு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். 1738-இல் அச்சான 30 சொனாட்டாக்களின் முன்னுரையில், ஆழ்ந்த புலமையை இங்கே தேடாதீர்கள், கலையோடு ஆடும் சாதுரியமான விளையாட்டையே எதிர்பாருங்கள் என்ற பொருளில் அவரே சொல்கிறார்.

அமைப்பும் எளியது. இரண்டு பாதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. முதல் முறை மெட்டைக் கேளுங்கள், மறுமுறை இடக்கையைக் கேளுங்கள். பத்து நிமிடத்தில் இரண்டு சொனாட்டா என்று வைத்துக்கொண்டால், ஒன்று விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் இருக்கட்டும். கிர்க்பாட்ரிக் என்பவர் கொடுத்த வரிசை எண்களால்தான் இவை அறியப்படுகின்றன. 141 ஒரே சுரத்தை மின்னல் வேகத்தில் திரும்பத் திரும்ப மீட்டுவது. 208 அதற்கு நேர்மாறாக நிதானமாகப் பாடுவது. 96-இல் வேட்டைக் கொம்புகளின் முழக்கம் கேட்கும்.

காதில் இயர்போன் வைத்துக் கேட்டால் குத்துகிறது. கருவியே அப்படித்தானா?

கருவி அப்படியில்லை, ஒலியளவு அப்படி. ஹார்ப்சிகார்ட் இயல்பிலேயே சன்னமான ஒலியுடையது. ஓர் அறையில் சிலர் உட்கார்ந்து கேட்பதற்கு உரியது. ஆனால் பதிவுகள் பல, திரையிசையின் அளவுக்கு உயர்த்தப்பட்டு வெளிவருகின்றன. நீங்கள் வழக்கமாக வைக்கும் அளவிலிருந்து நன்றாகக் குறைத்துவிடுங்கள். எதிரில் இருப்பவர் இயல்பான குரலில் பேசினால் கேட்க வேண்டும். அந்த அளவே போதுமானது. முடிந்தால் இயர்போனைக் கழற்றிவிட்டுச் சிறு ஒலிபெருக்கியில், அறையின் மறுகோடியில் வைத்துக் கேளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. குறைந்த தரத்தில் சுருக்கப்பட்ட எம்பி3 கோப்புகள் இக்கருவிக்குப் பகை. தந்தி மீட்டப்படும் கணம் மிகக் கூர்மையானது. சுருக்கும் முறை ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்துக் கையாள்வதால், மீட்டலுக்கு ஒரு கணம் முன்னரே மெல்லிய இரைச்சல் படிந்துவிடுகிறது. ஒலிச் சுருக்க முறைகளைச் சோதிப்பவர்கள் ஹார்ப்சிகார்ட் பதிவைத் தேடி எடுப்பதற்கு இதுவே காரணம். செயலியின் அமைப்பில் உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் குத்தல் போய்விடும்.

சுற்றமெல்லாம் வீட்டில் கூடியிருக்கும்போது இதைப் போட்டால், 'சாவிக்கொத்தைக் குலுக்குவது மாதிரி இருக்கிறது, மாற்று' என்கிறார்கள். என்ன செய்யலாம்?

தனி ஹார்ப்சிகார்டை அன்று விட்டுவிடுங்கள். வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்து ஒலிக்கும் பாக்கின் ஐந்தாம் பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவைப் போடுங்கள். 1721-இல் ஒரு பிரபுவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட ஆறில் இது ஒன்று. அக்காலக் குழு இசையில் பெரும்பாலும் பின்னணியில் துணைக்கு இருந்த ஹார்ப்சிகார்ட், இதில் முதல் பகுதியின் முடிவில் மற்ற எல்லாக் கருவிகளையும் நிறுத்திவைத்துவிட்டு 65 தாளக்கட்டுகள் தன்னந்தனியாக வாசித்துத் தீர்க்கும். அந்த இடத்தில் பேச்சு நின்றால் உங்களுக்கு வெற்றி.

கூட்டமும் பேச்சும் இந்த இசைக்குப் பழக்கப்பட்டவைதான். லைப்சிக் நகரில் சிம்மர்மன் என்பவரின் காபிக் கடையில் வெள்ளிக்கிழமை இரவு 8 முதல் 10 மணி வரை பாக் தன் இசைக்குழுவோடு வாசித்து வந்தார். வணிகச் சந்தை நடக்கும் நாள்களில் செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொள்ளும். 1733-இல் அங்கே புதிய ஹார்ப்சிகார்ட் ஒன்று வந்திருப்பதாகச் செய்தித்தாளில் அறிவிப்பே வந்தது. ஊருக்கு விடுமுறை என்றால் அவருக்கு வேலை என்பது வேறு கதை. 1734-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளிலிருந்து அடுத்த ஜனவரி 6 வரை ஆறு திருநாள்களுக்கு ஆறு பகுதிகளாக ஓர் ஒரடோரியோவை, அதாவது பாடகர்களும் இசைக்குழுவும் சேர்ந்து நிகழ்த்தும் சமய இசைப் படைப்பை, நடத்திக்கொடுத்திருக்கிறார். விடுமுறையில் வேலை பார்ப்பவர்கள் அவரைத் தாராளமாக உறவு கொண்டாடலாம்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காது எனக்கு. கமகமே இல்லாத இசை எப்படி ஒட்டும்?

நியாயமான கேள்வி. கட்டையை அழுத்திய பிறகு இக்கருவியில் சுரத்தை வளைக்க முடியாது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழுத்துச் செல்லவும் முடியாது. அதற்கு ஈடாக இங்கே அணிகள் உண்டு: பக்கத்துச் சுரத்தோடு விரைந்து மாறி மாறி அசைவது, மேல் சுரத்தில் சாய்ந்து பிறகு இறங்குவது போன்றவை. இவை அலங்காரத்துக்கு மட்டும் உரியவை அல்ல. விரைவில் தேய்ந்து மறையும் ஒலியை உயிரோடு வைத்திருப்பதற்கும் இவைதான் வழி. கூப்ரான் தம் முதல் தொகுதியில் (1713) ஒவ்வோர் அணிக்கும் குறியும் விளக்கமும் கொடுத்து அட்டவணையே அச்சிட்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து மூன்றாம் தொகுதியின் முன்னுரையில், எழுதியபடி யாரும் வாசிப்பதில்லை என்று கோபித்துக்கொண்டார்.

கமகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு மூன்று மெட்டுகளைத் தேடுங்கள். முன்பே சொன்னதுபோல் இடக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை கேட்பது இதற்கு நல்ல பயிற்சி.

கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் தூக்கம் வராத ஒருவருக்காக எழுதப்பட்டதாமே? ஞாயிறு இரவு போட்டுவிட்டுத் தூங்கலாமா?

கைசர்லிங் பிரபு தூக்கமில்லாத இரவுகளில் தம் பணியிலிருந்த இளைஞர் கோல்ட்பெர்கை வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்காகப் பாக்கிடம் இதை எழுதி வாங்கினார் என்ற கதை, 1802-இல் ஃபோர்க்கெல் எழுதிய பாக் வரலாற்றிலிருந்து வருகிறது. படைப்பு அச்சானது 1741-இல். அதில் அந்தப் பிரபுவின் பெயர் எங்கும் இல்லை. அப்போது கோல்ட்பெர்குக்கு வயது 14 அளவில்தான் இருக்கும். ஆகவே ஆய்வாளர் பலர் இக்கதையை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள்.

தூங்குவதற்கு இது உதவாது என்பது என் அனுபவம். தொடக்கத்தில் வரும் 'ஆரியா' என்னும் மூலப் பகுதி அமைதியாக இருக்கும். உடனே முதல் மாறுபாடு துள்ளி எழுந்துவிடும். மீள்வாசிப்புகள் இல்லாமல் வாசித்தால் 40 நிமிடம். எல்லாவற்றையும் சேர்த்தால் 75 நிமிடத்துக்கு மேல். விடுமுறையில் ஒரு முறையாவது வேலையை முற்றிலும் ஒதுக்கிவைத்துவிட்டு எதையேனும் கேட்பதென்றால் இதைத்தான் சொல்வேன். மெட்டைத் தேடாதீர்கள், மாறாமல் இருப்பது அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்களின் நடை. அதன் மேல்தான் 30 மாறுபாடுகளும் கட்டப்பட்டிருக்கின்றன. 25-ஆம் மாறுபாடு வரும்போது எழுந்து போகாதீர்கள்.

பியானோவில் வாசித்த பாக் நிறையக் கிடைக்கிறதே, அது போதாதா?

அதுவும் நன்றே. கிளென் கூல்ட் 1955-இல் பியானோவில் பதிவுசெய்த கோல்ட்பெர்கால்தான் பலர் பாக்கிடமே வந்தார்கள். ஆனால் அந்தப் படைப்பின் முகப்பிலேயே இரண்டு கட்டை வரிசை உள்ள ஹார்ப்சிகார்டுக்கு என்று எழுதியிருக்கிறது. சில மாறுபாடுகளில் இரு கைகளும் ஒரே இடத்தில் மேலும் கீழுமாகப் பாய்கின்றன. இரண்டு வரிசைகளில் அவை தத்தம் நிறத்தோடு தனித்தனியாகக் கேட்கும். பியானோவில் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

ஒரே படைப்புக்கு இத்தனை பதிவுகள் இருக்கின்றன. யாருடையதைக் கேட்பது?

இந்த மூன்று நாள்களுக்கு ஒருவரை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். பலருடைய துண்டுகளைக் கலந்து கொடுக்கும் பட்டியல்களில், இரண்டாம் கேள்வியில் சொன்ன காலநுட்பம் ஆளுக்கு ஆள் மாறுவதால் எதுவும் மனத்தில் தங்காது.

ஸ்கார்லத்திக்கு ஸ்காட் ராஸ். 1984, 85 ஆண்டுகளில் 555 சொனாட்டாக்களையும் பதிவுசெய்து 34 குறுந்தகடுகளாகத் தந்தவர், 1989-இல் 38 வயதில் மறைந்தார். பாக்குக்கு கஸ்தாவ் லியோன்ஹார்ட்; சிலருக்கு வறட்சியாகப் படலாம், எனக்கு அந்த நிதானம்தான் பிடிக்கும். வான்டா லாண்டோவ்ஸ்கா 1933-இல் செய்த கோல்ட்பெர்க் பதிவு, மிதிகள் பொருத்திய, பிளெயல் நிறுவனம் செய்த கனத்த கருவியில் வாசிக்கப்பட்டது. இன்றைய காதுக்கு அந்நியமாக ஒலித்தாலும் இக்கருவியை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். செக் நாட்டின் சுசானா ரூஷிச்கோவா நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்பிழைத்து, பின்னாளில் பாக்கின் தனி விசைக்கருவிப் படைப்புகள் முழுவதையும் பதிவுசெய்தவர். ஔஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது பாக்கின் ஐந்தாம் ஆங்கில ஸ்வீட்டிலுள்ள சரபாந்த் என்னும் மெதுவான நடனத்தை ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்திருந்தார். அந்தச் சரபாந்தை அவர் வாசிப்பிலேயே கேளுங்கள். காணொளியாக வேண்டுமானால் நெதர்லாந்து பாக் சங்கம் பாக்கின் படைப்புகளை இணையத்தில் இலவசமாகவே வழங்கிவருகிறது.

ஒரே உருப்படி ஒரு பதிவில் தாழ்ந்தும் மற்றொன்றில் உயர்ந்தும் கேட்கிறது. எது சரியான சுருதி?

இரண்டும் சரியே. இன்றைய வழக்கில், மேலை இசையில் சுருதி சேர்க்க அடிப்படையாகக் கொள்ளும் 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸ்; பழைய முறையில் வாசிப்பவர்கள் பொதுவாக 415-இல், அதாவது ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்த்தி வைக்கிறார்கள். ஃபிரெஞ்சு இசைக்கு 392 வரை இறங்குவதும் உண்டு. சுரங்களுக்கு இடையிலான தொலைவும் மாறும். 17-ஆம் நூற்றாண்டு இசைக்குரிய மீன்டோன் என்ற முறையில் சில கூட்டுச் சுரங்கள் மிகத் தூய்மையாக ஒலிக்கும். அதற்கு விலையாக வேறு சில கசக்கும். இசையமைப்பாளர்கள் அந்தக் கசப்பையும் வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள் என்பதால் திடுக்கிடும் இடங்களைப் பிழை என்று முடிவுகட்ட வேண்டாம்.

சில உருப்படிகளில் தாளமே பிடிபடவில்லை. வாசிப்பவர் தடுமாறுகிறாரா?

இல்லை, அவை அப்படி எழுதப்பட்டவை. லூயி கூப்ரானின் (மேலே சொன்ன ஃபிரான்சுவாவின் பெரியப்பா) முன்னிசைகளைத் தாளில் பார்த்தால், கால அளவு குறிக்காத முழுச் சுரங்களும் அவற்றை இணைக்கும் நீண்ட வளைகோடுகளும் மட்டுமே இருக்கும். எது நீளம், எது குறுக்கம் என்பது வாசிப்பவர் பொறுப்பு. ராகம் பாடுவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது மற்றவர்களைவிட எளிதில் பிடிபடும்.

ஃப்ரோபெர்கர் என்னும் ஜெர்மானிய இசையமைப்பாளர் எழுதிய ஓர் இரங்கல் இசையும் உண்டு. பிளான்ரோஷே என்னும் லூட் (விரலால் மீட்டும் தந்திக் கருவி) கலைஞர் 1652-இல் பாரிசில் படியிலிருந்து விழுந்து இறந்தார். அவருக்காக எழுதப்பட்ட இதை எந்தத் தாளமும் பாராமல் மிக மெதுவாக வாசிக்க வேண்டும் என்று குறிப்பு இருக்கிறது. கடைசியில் சுரங்கள் படிப்படியாகக் கீழே இறங்கி முடிகின்றன. இவற்றை வேலையோடு சேர்த்துக் கேட்காதீர்கள்; ஒன்றுமே பதியாது.

இந்தியாவுக்கும் இக்கருவிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சிறிது உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் ஆங்கிலேயர்கள் கருவிகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். இங்கே கேட்ட பாடல்களைச் சுரப்படுத்தவும் முயன்றார்கள். வில்லியம் ஹாமில்டன் பேர்ட் 1789-இல் கல்கத்தாவில் அச்சிட்ட தொகுப்பு, இந்துஸ்தானிப் பாடல்களை ஹார்ப்சிகார்டுக்கு மாற்றியது. கேட்டால் ஆங்கில நடன இசை போலத்தான் இருக்கிறது. வரலாற்று ஆர்வத்துக்காக ஒருமுறை கேட்கலாம்.

கேட்டுக்கொண்டிருக்கும்போது அலுவலக அழைப்பு வந்து பாதியில் நின்றுவிடுகிறது. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, முதலிலிருந்தா?

விட்ட நொடியிலிருந்து தொடர்வது வீண். அருகிலுள்ள தொடக்கத்துக்குப் போங்கள். ஸ்கார்லத்தி என்றால் அந்தச் சொனாட்டாவின் தொடக்கம். ஸ்வீட் என்றால் அந்த நடனத்தின் தொடக்கம். பாக்கின் 1722-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 24 முன்னிசை–ஃபியூக் இணைகள் உள்ளன. ஃபியூகில் நின்றிருந்தாலும் அதன் முன்னிசைக்கே திரும்புங்கள்.

கோல்ட்பெர்கில் ஒவ்வொரு மூன்றாவது மாறுபாடும் ஒரு குரலை மற்றொரு குரல் அப்படியே பின்தொடரும் கேனன் வடிவில் இருக்கும். 27 வரை இந்த ஒழுங்கு செல்கிறது. எனவே கடைசியாகக் கேட்டு முடித்த கேனனுக்கு அடுத்ததிலிருந்து தொடங்கலாம். அழைப்பு நீண்டு அரை மணி நேரம் ஓடிவிட்டதென்றால் நேரே 16-ஆம் மாறுபாட்டுக்குப் போய்விடுங்கள். அது ஃபிரெஞ்சு ஓவர்ச்சர் பாணியில், திரை தூக்குவது போன்ற கம்பீரத்தோடு இரண்டாம் பாதியைத் தொடங்கிவைக்கிறது. தொலைபேசியை அணைத்துவைக்கும் உரிமை உள்ளவர்கள் மட்டும் ஆரியாவிலிருந்து மறுபடி தொடங்கலாம்.